உரைபெயர்ப்பாளர் இல்லாத மயாம்: நீதி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்து, வேல்ஸ் நீதி அமைச்சுக்கும் குடும்ப மத்தியஸ்தப் பேரவைக்கும்,

வணக்கம்.

பிள்ளைகள் யாரோடு இருப்பது, வீட்டையும் ஓய்வூதியத்தையும் எப்படிப் பிரிப்பது என்று வழக்குப் போட நினைப்பவர், அதற்கு முன் மயாம் (MIAM) என்ற முதல் மத்தியஸ்தச் சந்திப்புக்குப் போயாக வேண்டும் என்பது 2014 ஏப்ரல் 22 முதல் சட்டம். 2024 ஏப்ரல் 29 முதல் விதிகளை இன்னும் இறுக்கியிருக்கிறீர்கள். அதன் நோக்கத்தோடு எங்களுக்குப் பிணக்கு இல்லை. பிள்ளையின் சனி ஞாயிறை நீதிபதி பங்குபோடுவதைவிடத் தாயும் தகப்பனும் பேசி முடிவெடுப்பது நல்லதுதான். எந்த மொழியில் பேசி என்பதே எங்கள் கேள்வி.

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால், ஆங்கிலம் போதாதவருக்கு நீதிமன்றமே உரைபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்கிறது. அந்த வழக்கைத் தொடங்கும் சி100 படிவத்தில் எந்த மொழி, அதில் எந்த வட்டார வழக்கு என்றுகூடக் கேட்கிறீர்கள். ஆனால் அந்தப் படிவத்தைக் கொடுப்பதற்கு முன் நீங்களே கட்டாயமாக்கிய சந்திப்புக்கு, சொந்தக் காசில் வருகிறவர் உரைபெயர்ப்பாளரைத் தானே தேட வேண்டும், கூலியும் தானே கொடுக்க வேண்டும். சந்திப்புக்கே பெரும்பாலும் நூறு பவுணுக்கு மேல் போய்விடுகிறது. 2021 மார்ச்சில் நீங்கள் தொடங்கிய 500 பவுண் வவுச்சர் மயாமுக்குச் செல்லாது, அதற்குப் பின் நடக்கும் மத்தியஸ்தத்துக்குத்தான். மாத மொத்த வருமானம் 2,657 பவுணைத் தாண்டினால் பொதுவாகச் சட்ட உதவியும் கிடையாது. இரண்டு வேலை பார்த்து அந்தக் கோட்டைச் சற்றே தாண்டியவர் என்ன செய்வார்? மச்சாளைக் கூட்டிவருவார். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மகளைப் பக்கத்தில் இருத்துவார்.

அங்கேதான் சந்திப்பின் உயிரே போகிறது. மயாமில் மத்தியஸ்தர் செய்யும் முக்கியமான வேலை, வந்தவரைத் தனியாக விசாரித்து, வீட்டில் வன்முறையோ மிரட்டலோ இருக்கிறதா, இந்த இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைக்கலாமா என்று கணிப்பது. இப்போது பல மயாம்கள் காணொளியில் நடக்கின்றன. "அறையில் தனியாகத்தான் இருக்கிறீர்களா?" என்று மத்தியஸ்தர் கேட்கிறார். அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்வதே பக்கத்துக் கதிரையில் இருக்கும் கணவனின் தங்கை. அடுத்து, "யாருக்காவது பயந்து நடக்க வேண்டியிருக்கிறதா? செலவுக்குக் காசு உங்கள் கையில் இருக்கிறதா? கைத்தொலைபேசியை யாரும் பார்க்கிறார்களா?" என்று மூன்று கேள்விகள். அவை தமிழில் ஒரே கேள்வியாகச் சுருங்குகின்றன: "வீட்டில பெரிய பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே அண்ணி?" அண்ணி நிலத்தைப் பார்த்தபடி தலையாட்டுகிறார். பதில் ஆங்கிலத்தில் "இல்லை" என்று போகிறது. மத்தியஸ்தத்துக்கு ஏற்றவர் என்று பதிவாகிறது.

குடும்ப வன்முறைக்கு விதிவிலக்கு இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, ஆனால் குடும்ப நீதிமன்ற விதிகளோடு வரும் நடைமுறை வழிகாட்டி 3ஏ கேட்கும் சான்று வேண்டும்: பொலிஸ் பதிவு, பாதுகாப்பு உத்தரவு, வைத்தியரின் கடிதம் போன்ற ஒன்று. பொலிஸிடமும் வைத்தியரிடமும் வாய் திறக்காத பெண்ணிடம் எந்தக் காகிதம் இருக்கும்? அவர் முதன்முதலாக வாய் திறக்கக்கூடிய இடம் இந்த மயாம்தான். அவர் சொன்னால், இது மத்தியஸ்தத்துக்கு ஏற்ற விடயம் அல்ல என்று மத்தியஸ்தர் கையொப்பமிட்டு நேரே நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். உங்கள் ஏற்பாட்டிலேயே இருக்கும் இந்த ஒரே கதவை நாத்தனார் மறித்துக்கொண்டு நிற்கிறார்.

ஆகவே கேட்கிறோம்: நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் கிடைக்கக்கூடிய எவருக்கும், மயாமிலும் அரச செலவில், உறவினர் அல்லாத, பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் வேண்டும்.

யார் வந்தாலும் போதும் என்றும் இல்லை. இலண்டனில் ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் ஊர்ச்சனம் கோயிலிலும் கடையிலும் ஒருவரையொருவர் காண்கிறது. வருகிற உரைபெயர்ப்பாளர் தெரிந்தவரா என்று முன்கூட்டியே கேட்டு, தெரிந்தவரென்றால் மாற்ற வழி வேண்டும். தொடங்குமுன் மத்தியஸ்தரும் உரைபெயர்ப்பாளரும் பத்து நிமிடமாவது பேசி, எந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று உடன்பட வேண்டும். 'மீடியேஷன்' என்பதை அவசரத்தில் 'சமரசம்' என்று சொன்னால் கேட்பவர் காதில் விழுவது 'சேர்த்து வைக்கப் போகிறார்கள்' என்பது. வீட்டைவிட்டு வந்தவர் அந்தச் சொல்லோடேயே எழுந்து போகப் பார்ப்பார். 'மத்தியஸ்தம்' என்றாலும், இலங்கையிலிருந்து வந்தவர் ஊர் மத்தியஸ்த சபையை நினைக்கிறார். அங்கே ஒரு குழு இருக்கும், இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இருத்திக் கதை கேட்கும். இங்கே ஒருவர்தான், முதல் சந்திப்பு தனித்தனியாகவும் நடக்கலாம், அவர் தீர்ப்பு எதுவும் சொல்லமாட்டார், யாரையும் சேர்த்து வைக்கவும் மாட்டார். இந்த நாலு வசனம் தமிழில் சொல்லப்பட்டாலே பாதிப் பயம் இறங்கிவிடும். இவற்றைச் சொல்ல நேரமும் வேண்டும். ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் பேசுகிற இடத்தில் ஒரு மணிநேரச் சந்திப்பு அரை மணிநேரம்தான். உரைபெயர்ப்போடு நடக்கும் மயாமுக்குத் தொண்ணூறு நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

மற்றத் தரப்புக்குப் போகும் அழைப்பையும் பாருங்கள். மத்தியஸ்தரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. வாசிக்கத் தெரியாதவர் அதை விளம்பரம் என்று விட்டுவிடுகிறார், அல்லது பிள்ளையிடம் காட்டக் கூச்சப்பட்டு மூடிவைக்கிறார். குறித்த நாள் கடந்ததும் பதில் இல்லை என்று மத்தியஸ்தர் கையொப்பமிட, வழக்குத் தொடங்குகிறது. முதல் விசாரணைக்கு முன் எஃப்எம்5 படிவத்தில், நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க ஏன் முயலவில்லை என்று அவரிடமே கேட்கிறீர்கள். சொத்து, பண வழக்கென்றால் மயாமுக்கு வராததைச் செலவுத்தொகை உத்தரவில் கணக்கிலெடுக்கவும் நீதிபதிக்கு இடமுண்டு. வாசிக்க முடியாத கடிதத்துக்குப் பதில் எழுதாதவரை ஒத்துழைக்காதவர் என்று எழுதுவது அநியாயம். அழைப்போடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு இணைக்க என்ன செலவாகும்? ஒருமுறை எழுதி வைத்தால் நாடு முழுக்கப் பயன்படும்.

முன்பு இதையெல்லாம் சட்டத்தரணி எடுத்துச் சொல்வார். 2013 ஏப்ரல் 1இல் கணவன் மனைவி தங்களுக்குள் நடத்தும் பெரும்பாலான குடும்ப வழக்குகளுக்கான சட்ட உதவியை வெட்டினீர்கள். மத்தியஸ்தத்துக்கு உதவியை விட்டுவைத்தும், அந்தப் பக்கம் வந்த சனம் சடாரென்று குறைந்தது, ஏனென்றால் கைபிடித்து அனுப்பிய சட்டத்தரணியே இல்லாமல் போனார். பிறகு கட்டாயம், பிறகு வவுச்சர், பிறகு இறுக்கிய விதி. ஒவ்வொரு படியிலும் ஆங்கிலம் தெரிந்த, மின்னஞ்சல் பார்க்கிற, கையில் காசுள்ள ஒருவரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறீர்கள். குசினியிலும் பராமரிப்பு இல்லத்திலும் இரவு வேலை பார்த்து வரி கட்டுகிறவரும் இந்த நாட்டுப் பெற்றோர்தான். அவர் பிள்ளைக்கும் அதே சட்டம்தான்.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். கேட்பது முன்னே கேட்டதுதான்: மயாமுக்கு அரச செலவில் உரைபெயர்ப்பாளர். அதுவரை, இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்பதிவுப் படிவத்தில் மொழி என்ன என்று ஒரு கட்டம் சேர்த்து, வன்முறை பற்றிய கேள்விகளை உறவினர் வாயாலோ பிள்ளை வாயாலோ கேட்கக் கூடாது என்று எல்லா மத்தியஸ்தர்களுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இலண்டனில் குடும்ப விடயங்களில் உரைபெயர்க்கும் தமிழர் சிலர்