வெள்ளி கொதிப்பது எதனால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கோள்கள் கட்டுரையை என் பேத்தி சத்தமாக வாசித்துக் காட்டினாள். 'சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் வெள்ளி கொதிக்கிறது' என்ற வரி வந்ததும் நிறுத்தி, "அப்படின்னா இன்னும் பக்கத்துல இருக்கிற புதன்தானே தாத்தா அதிகமா கொதிக்கணும்?" என்றாள்.

சரியான கேள்வி. புதனில் பகல் உச்சம் சுமார் 430 டிகிரி செல்சியஸ். இரவில் மைனஸ் 180 வரை இறங்கிவிடும். வெள்ளியின் தரையிலோ இரவு பகல் பேதமில்லாமல் எந்நேரமும் 460-ஐ ஒட்டிய சூடு. ஈயம் உருக 327 டிகிரி போதும். இத்தனைக்கும் வெள்ளியின் மேகங்கள் தம்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. விடிவெள்ளி அப்படிப் பளபளப்பதே அதனால்தான். அது உள்வாங்கும் வெயில், பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு! ஆனால் அங்குள்ள காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு. அதன் அழுத்தமும் நம்முடையதைப்போல் 90 மடங்குக்கு மேல். உள்ளே போன சூடு எளிதில் வெளியே வர முடிவதில்லை. கட்டுரையாளர் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் படம். பாறைகள்மேல் அமில மழை கொட்டுவதாக வரைந்திருக்கிறார்கள். கந்தக அமில மழை உண்டுதான், ஆனால் தரையைத் தொடாது. கீழே உள்ள சூட்டில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். வெள்ளி தெற்கே போனால் இங்கே மழை பொய்க்கும் என்று நம் பழம்பாடல்கள் சொல்லும். அங்கே மழை என்றுமே பொய்த்துத்தான் போகிறது. 1982-இல் இறங்கிய சோவியத் கலம் வெனேரா 13, செயலிழப்பதற்கு முன் 127 நிமிடம் தாக்குப்பிடித்து அனுப்பிய படங்களில் இருப்பது வறண்ட பாறைதான். புயலும் தரையில் இல்லை. மேக உச்சியில் மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் காற்று, கீழே நாம் நடக்கும் வேகத்துக்குக்கூட வருவது அரிது.

பேத்திக்குப் பிடித்தது வேறொன்று. 1985-இல் வேகா கலங்கள் இரண்டு பலூன்களை அங்கே, சுமார் 54 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கவிட்டன. அந்த உயரத்தில் நம் ஊர் வெயில் அளவுதான் சூடு. ஏறக்குறைய இரண்டு நாள் மிதந்தபடியே தகவல் அனுப்பின. அடுத்த முறை அந்தப் பலூனை வரையச் சொல்லுங்கள்.

— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திண்டுக்கல்