அம்மாடி, அந்த டூல் செட்டை இப்போதே வாங்காதே

அம்மாடி,

நீ அனுப்பிய பேரிங் புல்லர் செட், அதாவது பேரிங்கை இழுத்துக் கழற்றும் டூல் செட்டின் படம் பார்த்தேன். விலை மலிவுதான். உன் காருக்கு அந்த செட் தேவையா என்று பார்த்தாயா? எப்போதும் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள், இந்த முறை நீயே சக்கர பேரிங் மாற்றப் போகிறேன் என்கிறாய். செய்துவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாப்பிள்ளையைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. சரி, இருக்கட்டும்.

முதலில் எந்தச் சக்கரம் என்று உறுதி செய். பிஐஇ விரைவுச்சாலையில் இடது வளைவில் இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பக்கம். பாரம் அங்கேதான் சாயும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகு, காயில் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துச் சக்கரத்தைச் சுற்று. கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலில் தெரியும். டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

அடுத்து, உன் காரில் இருப்பது எந்த வகை? ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியோடு சேர்ந்து போல்ட்டில் மாட்டும் வகை என்றால் அந்த செட் வீண் செலவு. நீளமான பிரேக்கர் பார், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஆறு முனை இம்பாக்ட் சாக்கெட், அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரென்ச் போதும். பல கார்களில் அந்த நட்டின் இறுக்கம் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். சின்ன ரென்ச் எட்டாது. அளவை மேனுவலில் பார்த்து வாங்கு. ஜாலான் புசார் பக்கத்து இரும்புக்கடைகளில் ஒற்றை சாக்கெட்டாகவே கேட்டு வாங்கலாம்.

நக்கிளுக்குள், அதாவது ஹப்பைத் தாங்கும் உலோகப் பகுதிக்குள் அழுத்தி ஏற்றும் வகை என்றால்தான் புல்லர் செட் வேண்டும். அதிலும் மலிவு செட்டில் நடு போல்ட்டின் மரை சீக்கிரம் உரிந்துவிடும். கிரீஸ் போடாமல் முறுக்காதே. ஹப்பை இழுக்கும்போது உள்வளையத்தில் பாதி அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழற்ற பேரிங் செப்பரேட்டர் வேண்டும், படத்தில் அது இல்லை. புதியதை நக்கிளில் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்து. ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடு. மாற்றி அழுத்தினால் குண்டுகள் பாதையில் குழி விழ வைக்கும், புது பேரிங் கொஞ்ச நாளிலேயே இரையும். சுத்தியலால் அடித்தாலும் இதே கதிதான். பேரிங்கின் ஒரு பக்கத்தில் ஏபிஎஸ் பிரேக்குக்கான காந்தப் பட்டை இருந்தால் அந்தப் பக்கம் சக்கர வேக சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் பேரிங்கைக் கெடுக்காமல் கழற்ற முடியாது.

என்னைக் கேட்டால், நக்கிளைக் கழற்றி எடுத்துக்கொண்டு காக்கி புக்கிட்டில் பேரிங் அழுத்தும் பிரஸ் மெஷின் இருக்கிற கடையில் கொடுத்து ஏற்றிக்கொள். கழற்றும் வேலைக்கு வேண்டிய சர்க்ளிப் பிளையர், பால் ஜாயிண்ட் புல்லர் நான் தருகிறேன். ஆக்ஸில் நட்டு மட்டும் புதியது வாங்கு. இம்பாக்ட் கன்னால் இறுக்காதே. முழுதாக இறுக்கும்வரை சக்கரத்தைத் தரையில் இறக்கிப் பாரம் கொடுக்காதே.

ஸ்டாண்டு இல்லாமல் காருக்கு அடியில் கை வைக்காதே. முதலிலும் சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். உன் புளோக் கார்பார்க்கில் இதைச் செய்யவும் வேண்டாம்.

பணம் ஏதாவது இழுபறி என்றால் அப்பாவிடம் சொல்வதற்கென்ன? கேட்டால் கோபப்படுவாய் என்றுதான் பேரிங்கைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன்.

சனிக்கிழமை வருகிறேன். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது பிரேக்கை மிதித்துப் பிடிக்க உள்ளே ஓர் ஆள் வேண்டும். மாப்பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்.

அப்பா