அண்ணாவை சோம்பேறி எண்டு பேசினது நாங்கதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல ஹன்டிங்டன் எண்ட பரம்பரை மூளை நோயைப் பற்றி வந்த கட்டுரையை ரெண்டு தரம் வாசிச்சன், எங்கட வீட்டுக்குள்ளயே இருக்கிற நோய் எண்டபடியா. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, ஆனா முழுக்க கை கால் தன்பாட்டில ஆடுறதைப் பற்றித்தான் இருந்தது. கனபேருக்கு அந்த ஆட்டம் தொடங்க முதலே யோசினை குலையத் தொடங்கியிடும், அதைச் சொல்லாம விட்டா வீட்டில இருக்கிற ஆக்களுக்கு ஒண்டும் விளங்காது.

என்ர அண்ணா புறக்கோட்டையில ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு பார்த்தவர். 38 வயசில மாசக் கணக்கு முடிக்க ஏலாமப் போச்சு, பில்லுகளை மேசை முழுக்க பரப்பி வச்சுக்கொண்டு எதில தொடங்கிறதெண்டு தெரியாம இருப்பாராம். மார்க்கெட்டுக்கு மூண்டு சாமான் சொல்லிவிட்டா ஒண்டோட வருவார், பிள்ளையள் சத்தம் போட்டா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டிட்டு எழும்புவார், அண்ணி முன்னால நிண்டு அழுதாலும் அது அவருக்கு ஏறாது. நாங்க சோம்பேறி எண்டம், மாமா குடி எண்டார், பெரியம்மா செய்வினை எண்டு கோயில் கோயிலாக் கூட்டிக்கொண்டு திரிஞ்சா. அப்பாவும் கடைசிக் காலத்தில இப்பிடித்தான் இருந்தவர் எண்டது ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்ல, அவருக்கு நரம்புத் தளர்ச்சி எண்டு சொல்லி முடிச்சாச்சு.

நாலு வருசம் கழிச்சு விரல் துடிக்கத் தொடங்கினாப் பிறகுதான் இரத்தம் எடுத்து ஜீனைப் பார்த்தவை. 4ஆம் குரோமோசோமில சிஏஜி எண்ட துண்டு 40 தரமோ அதுக்கு மேலயோ அடுத்தடுத்து வந்தா நோய் வரும், அண்ணாக்கு அது 44 தரம் இருந்தது.

மூளைக்குள்ள ஆழத்தில ஸ்ட்ரையேட்டம் எண்டு ஒரு பகுதி இருக்கு, அதையும் நெற்றிப் பக்கத்து மூளையையும் நரம்பு நார்கள் தொடுத்து வச்சிருக்கு. ஒரு வேலையைத் திட்டம் போடுறது, விட்டிட்டு மற்றதுக்கு மாறுறது, கோவத்தை அடக்கிறது எல்லாம் இந்தத் தொடர்பாலதான் நடக்குது, இந்த நோயில அறுகிறதும் அதுதான். டிராக்-எச்டி எண்ட ஆய்வில லண்டன், பாரிஸ், லைடன், வன்கூவர் எண்டு நாலு நகரத்தில 366 பேரோட தொடங்கி வருசா வருசம் ஸ்கேன் எடுத்தவை. நோய் வர வைக்கிற ஜீன் இருந்தும் ஆட்டம் இன்னும் தொடங்காத ஆக்களிலயே ஸ்ட்ரையேட்டம் சுருங்கி, அந்த நார்ப் பகுதியும் மாறியிருந்தது. இதை வாசிச்ச அண்டு எனக்கு நித்திரை வரேல்ல, ஏனெண்டா நாங்க ஏசின அந்த நாலு வருசமும் அவற்ற மூளைக்குள்ள இதுதான் நடந்துகொண்டிருந்தது.

இன்னொண்டும் எழுதுங்கோ. இது அல்சைமர் மாதிரி முழுசா அழிஞ்சு போற மறதி இல்ல. பழைய முதலாளியின்ர பேர் கேட்டா அண்ணா முழிப்பார், நாலு பேர் சொல்லி இதில எது எண்டா உடன சரியாச் சொல்லுவார். உள்ள இருக்கு, தேடி எடுக்கத்தான் ஏலாது. இப்ப நாங்க அவரிட்ட "என்ன சாப்பிடப் போறீங்க" எண்டு கேக்கிறேல்ல, "இடியப்பமா புட்டா" எண்டுதான் கேக்கிறம், வீட்டில சண்டை பாதியாக் குறைஞ்சிட்டுது. டெட்ராபெனசின் குளிசை ஆட்டத்தைத்தான் குறைக்கும், யோசினைக்கு இன்னும் மருந்து இல்ல.

அப்பாவிட்ட இருந்து எனக்கும் இது வர 50 வீத சாத்தியம் இருக்கு. டெஸ்ட் செய்யிறதா விடுறதா எண்டு நான் இன்னும் முடிவெடுக்கேல்ல. பிள்ளையளின்ர கல்யாணப் பேச்சுக்குப் பயந்து அண்ணி இந்தக் கடிதத்தில பேர் போட வேண்டாம் எண்டா, அதால போடேல்ல. யோசினை குலையிற பக்கத்தைப் பற்றி ஒரு நியூரோலொஜிஸ்டைக் கேட்டு இன்னொரு கட்டுரை போடுங்கோ, தயவுசெய்து.

ஒரு தங்கச்சி,
வெள்ளவத்தை, கொழும்பு 06