கேசரி உன் வீட்டுக்கு வருமுன்

அன்புள்ள கயல்,

அடுத்த மாதம் நீ வந்து நம் கிளி கேசரியைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகப் போகிறாயாம், அப்பா சொன்னார். போனில் பேச உட்கார்ந்தால் உனக்கு ஆபீஸ் அழைப்பு குறுக்கே வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். இவன் சத்தத்துக்குப் பக்கத்து ஃபிளாட்டுக்காரர் முன்பே முகம் சுளித்தார் என்றாயே, அதுதான் என் கவலை. இங்கே தனி வீடு, பின்னால் தென்னந்தோப்பு. தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்க அணில்கள்தான் இருக்கின்றன.

அவன் வாயை அடைத்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் விடு. இவன் சன் கானூர் என்கிற கிளி இனம், கயானாவிலும் வடக்கு பிரேசிலிலும் கூட்டமாகத் திரிகிற பறவை. விடிந்ததும் ஒருமுறை, அடையப் போகும்முன் ஒருமுறை கத்தித் தீர்ப்பது அதன் சுபாவம். கூண்டில் பிறந்ததற்கும் அது போகாது. இங்கே நான் பாலை அடுப்பில் வைக்கும்போது ஆரம்பிப்பான், காபி ஆற்றுவதற்குள் முடித்துவிடுவான். அந்த நேரத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொள், அவ்வளவுதான். டிவியைச் சத்தமாக வைத்து அமுக்கலாம் என்று நினைக்காதே. மிக்ஸி ஓடினால் அதற்கு மேல் கத்துகிறவன் அவன்.

நாம் கவனிக்க வேண்டியது நடுப்பகல் கத்தலை. நாம் அறையை விட்டு நகர்ந்ததும் வருமே, அது. காட்டில் கிளை மறைத்து ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபோது, 'எங்கே இருக்கிறாய்?' என்று கூப்பிடுவதும் பதில் சொல்வதுமாகவே அவை காலம் தள்ளுகின்றன. இங்கே அவன் கூட்டம் நாம்தான். பதில் வரவில்லையென்றால் குரலை ஏற்றிக்கொண்டே போவான். உன் அப்பா ஈஸிசேரில் இருந்தபடி "டேய் கேசரி, சும்மா இருடா!" என்று அதட்டுவார். அவனுக்கு அது திட்டாகவா கேட்கும்? கூப்பிட்டேன், பதில் வந்துவிட்டது என்று இன்னும் குஷி. இருவரும் மாறி மாறிக் கத்தி, நான் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போன நாட்கள் உண்டு.

கூர்ந்து கேட்டால் ஒன்று தெரியும். பெருங்குரல் எடுப்பதற்கு முன், தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு காலைக் கம்பியில் மாற்றி வைத்து, 'ட்ரிக்' என்று மெல்ல ஒரு சத்தம் கொடுப்பான். அதற்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டும். நான் அடுக்களையிலிருந்து இரண்டு தடவை சீட்டி அடிக்கிறேன். (இந்த வயதில் சீட்டியா என்று உன் அத்தை கேட்டாள். கேட்கட்டும்.) வந்து எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், குரல் கேட்டால் அவனுக்குப் போதும். தவறவிட்டு, அவன் கத்த ஆரம்பித்துவிட்டால் போகாதே, திட்டாதே, திரும்பியும் பார்க்காதே. மூச்சு வாங்க நிறுத்துவான் பார், அந்த இடைவெளியில் போய் ஒரு மாதுளை முத்தைக் கொடு. முதலில் கத்தல் இன்னும் கூடும். அப்போது பொறுக்காமல் ஓடினாயோ, இவ்வளவு நேரம் கத்தினால்தான் வருவார்கள் என்று கற்றுக்கொண்டுவிடுவான். அப்பாவும் இப்போது சீட்டிக்கு மாறிவிட்டார். சுருதிதான் சேரவில்லை.

எல்லாக் கத்தலையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதே. பருந்து தாழப் பறந்தாலோ பூனை மதிலேறினாலோ, உடம்பை ஒடுக்கி, கழுத்தை நீட்டி, வெட்டுவது போல ஒரு குரல் கொடுப்பான். அதற்கு உடனே போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

தூக்கம் குறைந்தாலும் கத்துவான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும் அவனுக்கு. நீ ராத்திரி பதினொன்று வரை ஹாலில் விளக்கெரிய வேலை பார்க்கிறாய், கூண்டு அங்கே இருந்தால் உருப்படாது. உள் அறையில் வைத்து ஏழு மணிக்கே துணி போட்டுவிடு. ஆனால் பகலில் கத்துகிறான் என்று துணியைப் போட்டு மூடுவது கூடாது. அது எனக்குப் பிடிக்காது, அவனுக்குப் புரியவும் புரியாது.

சும்மா இருக்கிற வாய்தான் கத்தும். கிண்ணத்தில் சூரியகாந்தி விதையைக் கொட்டிவிட்டு ஆபீஸ் போகாதே, ஐந்து நிமிஷத்தில் தின்றுவிட்டு மீதி நேரமெல்லாம் உன்னைக் கூப்பிடுவான். நான் காகிதத்தில் தினையைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடுகிறேன். தென்னை ஈர்க்கு, சோளக்கதிர், முருங்கைக்கீரைக் கொத்து எது கொடுத்தாலும் கிழித்துக்கொண்டு கிடக்கிறான். பச்சைமிளகாயைக் கடித்துவிட்டு அசையாமல் பார்ப்பான், பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதில்லை. அவகாடோ, சாக்லேட், உன் காபி எதுவும் அவன் பக்கம் போகக் கூடாது, விஷம்.

தடவிக் கொடுப்பது தலையோடும் கழுத்தோடும் நிற்கட்டும். முதுகைத் தடவினாலோ, சோபா அடியில் அட்டைப்பெட்டியில் நுழைய விட்டாலோ கூடு கட்டும் எண்ணம் வந்து கத்தலும் கடியும் கூடும். துணைக்கு இன்னொன்று வாங்கட்டுமா என்று கேட்டாயே, வேண்டாம். இரண்டும் சேர்ந்து கத்தும்.

திடீரென்று சத்தமே இல்லாமல் போனால்தான் பயப்பட வேண்டும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ அன்றைக்கே பறவை பார்க்கிற டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. முடிகிற வரை நோயை வெளியே காட்டாத ஜாதி இது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நீயே போய்ப் பேசு. காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் கத்துவான், அவர்கள் சுவரை ஒட்டிக் கூண்டை வைக்கவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும். கிளி வளர்ப்பது குற்றமாச்சே என்று கேட்டால் பதில் வைத்துக்கொள்: நம்மூர்ப் பச்சைக்கிளியைத்தான் 1972 வனவிலங்குச் சட்டப்படி வளர்க்கக் கூடாது. இவன் வெளிநாட்டு இனம், 2024 விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ரசீதையும் பதிவுத் தாளையும் எடுத்து வைத்திருக்கிறாய்தானே?

நீ கேட்டிருந்தால் ஃபிளாட்டுக்கு இந்தப் பறவை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சரி, வந்துவிட்டான். இருபது வருஷத்துக்கு மேலும் இருப்பான் என்கிறார்கள்.

இன்னொன்று, மறந்தே போனேன். உன் நான்-ஸ்டிக் தவாவை யாருக்காவது கொடுத்துவிடு. காய்ந்து புகைந்தால் அந்தப் புகை பறவையை நிமிஷத்தில் கொன்றுவிடும். இரும்புத் தோசைக்கல் ஒன்று இங்கே பழக்கி வைத்திருக்கிறேன், கூண்டோடு சேர்த்துக் காரில் எடுத்துப்போ.

அன்புடன்,
அம்மா