பேய்க்கு எதற்கு பங்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சினிமா பக்கத்தில் பேய்ப்பட விமர்சனம் வரும்போதெல்லாம் 'பிரமாண்டமான அரண்மனை செட்' என்று ஒரு வரி பாராட்டு இருந்துவிடுகிறது. அந்த அரண்மனையால்தான் நம் பேய்ப்படங்கள் பயம் காட்டாமல் போகின்றன என்பது என் கட்சி. கொஞ்ச நாளாக ராத்திரியில் பழசும் புதுசுமாகப் பேய்ப்படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரம்மா பயந்து அடுத்த அறைக்கு ஓடிவிட்டார் என்று எழுத ஆசைதான், ஆனால் தண்டையார்பேட்டையில் எங்களுக்கு இருப்பதே ஒரு அறை, அதனால் அவரும் சேர்ந்தேதான் பார்க்கிறார்.

யோசித்துப் பாருங்கள். சந்திரமுகியில் (2005) அரண்மனை இருந்தது, பேயே கிடையாது, அது மனநோய்க் கதை. காஞ்சனாவில் (2011) பேய் இருந்தது, அரண்மனை கிடையாது. கோவை சரளா அம்மாவாக உட்கார்ந்திருக்கும் சாதாரண வீட்டுக்குத்தான் அது வந்து சேர்ந்தது. அப்புறம் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், அங்கேயிருந்து அரண்மனையையும் இங்கேயிருந்து காமெடியையும் ஃபிளாஷ்பேக்கையும் எடுத்து ஒன்றாகப் போட்டுக் கிண்டிவிட்டார்கள். இப்போது நமக்கு எல்லாமே மனப்பாடம். பூட்டிய அறை, எச்சரிக்கும் வேலைக்காரர், கட்டிலுக்கு அடியில் நாலு காமெடியன்கள், இடைவேளைக்கு அப்புறம் பேய் உயிரோடு இருந்தபோது எவ்வளவு நல்ல பெண் என்று அரை மணி நேரம், கடைசியில் அம்மன் பாட்டு. காஞ்சனாவில் சரத்குமார் வரும் ஃபிளாஷ்பேக்தான் படத்துக்கே உயிர், அதை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற படங்களில் அது வெறும் சடங்கு.

மறுபடியும் பார்த்ததில் அசந்துபோனது 'யாவரும் நலம்' (2009). விக்ரம் குமார் இயக்கம், பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. புதிதாகக் குடிவந்த 13பி ஃபிளாட்டில் மாதவனுக்கு மட்டும் லிஃப்ட் வேலை செய்யாது, செல்போனில் அவரைப் படம் எடுத்தால் கோணலாக விழும், மத்தியானம் டிவியில் ஓடும் சீரியலில் இவர்கள் வீட்டுக் கதையே வரும். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. வீட்டுப் பெண்கள் தினமும் உட்கார்ந்து பார்க்கும் சீரியலையே பேயாக்கிவிட்டார்களே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு! 'டிமான்ட்டி காலனி'யிலும் (2015) எனக்கு நடுக்கம் வந்தது ஆழ்வார்பேட்டை பங்களாவில் இல்லை, அந்த நாலு பேரும் தங்கள் அறைக்கே திரும்பி வந்து, அங்கிருந்து வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்ளும்போதுதான்.

மலையாளத்தில் 'பூதகாலம்' (2022) பாருங்கள். வாடகை வீடு, மனச்சோர்வில் இருக்கும் அம்மா, வேலை கிடைக்காத மகன். ரேவதி அந்த அம்மாவாக நடித்ததற்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது வாங்கினார். பாதிப் படம் வரை வீட்டில் ஏதோ இருக்கிறதா, இல்லை இவர்கள் மனசுதான் கெட்டுப்போயிருக்கிறதா என்று பிடிபடாது. பேய்ப்படம் என்றாலே 'இவங்க ஏன் அந்த வீட்டை விட்டுப் போகல?' என்று நம் வீட்டில் யாராவது கேட்பார்கள் இல்லையா, இந்தப் படத்தில் அந்தக் கேள்வி வரவே வராது, காசில்லாதவர்கள் எங்கே போவார்கள்? பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரிடம் அதைத் திரும்ப வாங்க அலைந்தவர்களுக்கு இது புரியும். அதே இயக்குநர் ராகுல் சதாசிவன் அப்புறம் 'பிரம்மயுகம்' (2024) எடுத்தார், பாழடைந்த பெரிய மாளிகை, கறுப்பு வெள்ளை, மம்முட்டி. அருமையான படம்தான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு நாங்கள் நன்றாகத் தூங்கினோம். பூதகாலத்துக்கு அப்புறம் பாத்ரூம் போகத் துணை தேவைப்பட்டது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 'பாரநார்மல் ஆக்டிவிட்டி' (2007) படத்தை ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்தார். படுக்கையறை மூலையில் ஒரு கேமரா, தூங்கும் காதல் ஜோடி, லேசாக அசையும் கதவு, அவ்வளவுதான். வசூலோ கோடிக்கணக்கான டாலர்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வட சென்னை என்றாலே சினிமாக்காரர்களுக்குக் கத்தி, கேரம், பாக்ஸிங். எங்கள் ஊரில் பேயே இல்லையா என்ன? ராயபுரம் அங்காள பரமேசுவரி கோயில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குக் காளி வேஷம் கட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போவதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்து அலறிய பிள்ளைகள் நாங்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டைத் தாண்டி ராத்திரி ஷிஃப்டுக்குப் போய் வருகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காத்து கருப்புக் கதை சொல்வார்கள். பத்துக் குடித்தனம், ஒரே குழாய், சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு, காலியாகக் கிடக்கும் பக்கத்துப் போர்ஷனில் யாரோ குடம் நகர்த்தும் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்? இதற்கு கிராஃபிக்ஸ் எதற்கு?

பங்களாவே கூடாது என்று சொல்லவில்லை. வீணை எஸ்.பாலசந்தரின் 'நடு இரவில்' (1970) பெரிய பங்களாவில் நடப்பதுதான், ஆனால் அங்கே பயமுறுத்துவது சொத்துக்காக வந்து கூடிய சொந்தக்காரர்கள். ஒவ்வொருவராகச் சாகும்போது மிச்சமிருப்பவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிற பார்வை இருக்கிறதே! பேயே வராத அந்தப் படம் இன்றைய பேய்ப்படங்களில் பாதியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எங்கள் தெருவில் இளசுகள் யாரும் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. உங்கள் சினிமா பக்கத்தில் அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். அடுத்த அரண்மனைப் படத்துக்கு விமர்சனம் எழுதுகிறவரிடம், செட் எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு, ராத்திரி வீட்டுக்குப் போய் லைட்டை அணைக்க யோசித்தாரா இல்லையா என்பதை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81