டிலேவுக்காகப் பழைய ஆம்ப்பில் துளை போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிதார் எஃபெக்ட்கள் பற்றித் தங்கள் இசைப் பக்கத்தில் வந்த கட்டுரை, டிலேயையும் (ஒலியைத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தருவது) ரிவெர்பையும் (அறையின் முழக்கம்போல் ஒலியை நீட்டுவது) எப்போதும் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையரின்) எஃபெக்ட்ஸ் லூப்பில்தான் மாட்ட வேண்டும் என்கிறது. லூப் இல்லாத பழைய ஆம்ப் என்றால் டெக்னீஷியனிடம் கொடுத்து ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றும் யோசனை சொல்கிறது. யாராவது டிரில்லைக் கையில் எடுப்பதற்குள் சில விவரங்களைச் சொல்லிவிட வேண்டும்.

லூப் என்பது எஃபெக்ட் பெடலை ஆம்ப்பின் நடுவிலேயே இணைப்பதற்கான வழி. அது இருப்பது கிதாரின் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப்புக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில். ப்ரீஆம்ப்பிலேயே ஒலி உடைகிற (டிஸ்டார்ஷன் ஆகிற) ஹை-கெயின் ஆம்ப்பில் அது சரியான இடம்: உடைந்த ஒலிக்குப் பின்னால் டிலே வருவதால் எதிரொலி தெளிவாகக் கேட்கும். ஆனால் ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ், வாக்ஸ் ஏசி30, மார்ஷல் 1959 (இது மாடல் எண், ஆண்டு அல்ல) போன்றவற்றின் பழைய மாடல்களில், பவர் ஆம்ப்புக்குப் போகும் அளவைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் கிடையாது. வால்யூமை ஏற்ற ஏற்ற, உடைசலின் பெரும்பகுதி பவர் டியூப்களுக்குச் சிக்னலைப் பிரித்துத் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டரிலும் அந்த டியூப்களிலும்தான் பிறக்கிறது. இவை இரண்டும் லூப்புக்குப் பின்னால் இருப்பவை. அங்கே மாட்டிய டிலேயும் அதே உடைசலுக்குள் போய்த்தான் வெளியே வரும். ஆம்ப்பின் உலோகச் சட்டமான சேஸிஸில் விழுந்த துளைதான் மிச்சம். ஆம்ப்பின் விலையும் குறையும். 1975இல் வந்த மார்ஷல் 2203 மாதிரி மாஸ்டர் வால்யூம் உள்ளதில், மாஸ்டரைக் குறைத்து வாசிப்பவருக்கு லூப் பயன்படும். மாஸ்டரை ஏற்றினால் அங்கேயும் இதே கதைதான்.

உடைசலுக்கு முன்னால் டிலே வைத்தால் என்ன கெடுகிறது? இரண்டு விஷயங்கள். முதலாவது, அளவு. டிலே பெடலிலிருந்து வரும் எதிரொலி மூல ஒலியைவிட 12 டெசிபல் குறைவு, அதாவது மின்னழுத்தத்தில் கால் பங்கு, என்று வைத்துக்கொள்வோம். முழுக்க ஏற்றிய ஆம்ப் உரத்த ஒலியை நசுக்கிவிடுவதால், வெளியே வரும்போது அந்த வித்தியாசம் 3, 4 டெசிபலாகச் சுருங்கிவிடலாம். வீட்டில் குறைந்த வால்யூமில் அழகாக அமைந்த மிக்ஸ் (மூல ஒலியோடு எதிரொலி கலக்கும் அளவு), மேடையில் சேறாவது இதனால்தான். இரண்டாவது, சுருதி. முந்தைய ஸ்வரத்தின் எதிரொலியும் இப்போது வாசிக்கும் ஸ்வரமும் ஒரே உடைசலுக்குள் சேர்ந்து நுழைந்தால், இரண்டிலும் இல்லாத அதிர்வெண்கள் பிறக்கும். 440 ஹெர்ட்ஸும் 494 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் 54, 386, 548 என்று பாட்டுக்குச் சம்பந்தமில்லாதவை முளைக்கின்றன. கார்டுகள் வாசித்தால் கேட்கவே வேண்டாம்.

இதனால் ஆம்ப்பின் இன்புட்டில் டிலே மாட்டக்கூடாது என்று அர்த்தமில்லை. பழைய ராக் பதிவுகள் பலவற்றில் டேப் எக்கோ (காந்த நாடாவில் பதிந்து எதிரொலி தரும் கருவி) அங்கேதான் இருந்தது. அதற்கென்று ஒரு குணமும் உண்டு. உடைகிற சர்க்யூட்டில் உரத்த ஒலி மெல்லிய ஒலியை அமுக்கிவிடும். வாசிக்கும்போது எதிரொலி பின்னால் ஒதுங்கி நிற்கும். விரலை எடுத்ததும் மேலே எழும். இடைவெளி விட்டு வாசிக்கும் தனி ஸ்வரங்களுக்கு இது பிரமாதமாகப் பொருந்தும். உடைசலுக்குப் பின்னால் வரும் லூப்பில் இது தானாகக் கிடைக்காது.

அமைக்கும் முறை: முதலில் ஆம்ப்பை உண்மையில் வாசிக்கப்போகும் வால்யூமில் வையுங்கள். டிலேயின் மிக்ஸைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றி, வாசிப்பை நிறுத்தும்போது மட்டும் எதிரொலி தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ஃபீட்பேக், அதாவது எதிரொலி எத்தனை முறை திரும்ப வரும் என்பது, இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். பெடலில் டோன் இருந்தால் எதிரொலியின் உச்ச அதிர்வெண்களைக் குறையுங்கள். அனலாக் டிலேயும் டேப் வகையும் இந்த இடத்தில் ஒத்துப்போவது அவற்றின் எதிரொலி இயல்பிலேயே மங்கலாக இருப்பதால்தான். டிலேயின் நேரத்துக்கு 60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண்) வகுத்தால் ஒரு அடியின் மில்லிசெகண்ட் வரும். 120க்கு 500, முக்கால் அடி தாமதம் வேண்டுமென்றால் 375. பூஸ்ட் பெடலை டிலேவுக்கு முன்னால் வைத்தால் 9 வோல்ட் டிலேயின் இன்புட்டே உடைந்துவிடலாம். அது அசிங்கமான உடைசல், ஆம்ப்பின் உடைசலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரிவெர்ப் இதைவிடச் சிக்கல். நூற்றுக்கணக்கான பிரதிபலிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உடைசலுக்குள் போனால் இரைச்சல்தான் கிடைக்கும். ஃபெண்டர் 1961இல் விற்ற தனி ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியும் ஆம்ப்புக்கு முன்னால் வருவதுதான், ஆனால் அது சுத்தமான ஒலிக்கு எடுப்பாக இருக்கும். உடையும் ஆம்ப் என்றால் நீளத்தை ஒரு செகண்டுக்குள் வைத்து, மிக்ஸையும் பாதியாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் ரிவெர்பை விட்டுவிட்டு டிலே மட்டும் போதும்.

தெளிவான எதிரொலிதான் வேண்டும் என்பவர்களுக்கு வழி, உடைசல் முடிந்த இடத்திலிருந்து எடுப்பது. ரெக்கார்டிங்கில் இது சுலபம்: ஆம்ப்பை மைக்கில் எடுத்து, டிலேயை மிக்ஸிங்கில் சேர்த்தால் தீர்ந்தது. மேடையிலும் சவுண்ட் என்ஜினியரிடம் அதையே கேட்கலாம். கிதார் கலைஞரே கட்டுப்படுத்த வேண்டுமென்றால் இரண்டாவது ஆம்ப் தேவை. க்வீன் குழுவின் பிரையன் மே எக்கோப்ளெக்ஸ் என்ற டேப் எக்கோவின் எதிரொலிகளைத் தனித்தனி ஏசி30களுக்கு அனுப்பியது இந்தப் பிரச்சினையின் இன்னொரு தீர்வு: ஒவ்வொரு எதிரொலியும் தன் ஆம்ப்பில் தனியாக உடைவதால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

ஸ்பீக்கர் லைனிலிருந்து எடுப்பதற்கு ஒரு சிறு உலோகப் பெட்டி போதும். 50 வாட் ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கரில் 20 வோல்ட் தரும். ஸ்பீக்கர் லைனுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 150 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்து, 150 ஓமின் மேல் எடுத்தால் சுமார் 0.3 வோல்ட் வரும். 10 கிலோ ஓமுக்கு அரை வாட் தாராளம். ஸ்பீக்கர் எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். இந்தப் பெட்டி ஸ்பீக்கருக்குப் பதிலாகாது. லோடு (ஸ்பீக்கர் போன்ற சுமை) இல்லாமல் டியூப் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்பீக்கரே வேண்டாம் என்றால் அதே ஓம் கொண்ட லோட் பாக்ஸ் வாங்குங்கள். தாங்குதிறன் ஆம்ப்பின் வாட்டைப்போல் இருமடங்கு இருக்கட்டும், ஏனென்றால் முழுக்க உடையும் ஆம்ப் எழுதியிருக்கும் வாட்டைத் தாண்டித் தள்ளும்.

அந்த 0.3 வோல்ட்டை டிலேவுக்கு அனுப்பி, டிலேயை நூறு சதவீதம் ‘வெட்’டில் (மூல ஒலி இல்லாமல் எதிரொலி மட்டும்) வைத்து, உடையாத இரண்டாவது ஆம்ப்புக்குக் கொடுங்கள். மூல ஒலி அதில் கொஞ்சம் கசிந்தாலும் தொல்லை: டிஜிட்டல் பெடலில் 2 மில்லிசெகண்ட் தாமதம் இருந்தால், முதல் ஆம்ப்போடு சேரும்போது 250, 750, 1,250 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்து ஒலி ஒல்லியாகும். இரண்டாவது ஆம்ப்பிலும் கிதார் ஸ்பீக்கரே இருக்கட்டும். கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே வெட்டிவிடும். மேடை ஒலிபெருக்கியான பிஏ ஸ்பீக்கரானால் எதிரொலி கரகரக்கும், ஃபில்டர் போட்டாக வேண்டும்.

இரண்டு ஆம்ப்களையும் இணைத்ததும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் அது எர்த் லூப், அதாவது இரண்டு ஆம்ப்களின் எர்த் இணைப்புகளும் சேர்ந்து உண்டாகும் வளையம். இரண்டாவது ஆம்ப்புக்குப் போகும் சிக்னல் லைனில் ஒரு 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போய்விடும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது. ஆம்ப்பில் ஏதாவது கோளாறு வந்தால் கிதார் கம்பி வழியாக வாசிப்பவர் கைக்கே மின்சாரம் வரும்.

இப்படிக்கு,
கிதார் ஆம்ப் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்