வந்த திகதியையும் குத்துங்கள், ஐயா

மதிப்புக்குரிய தபால் மா அதிபர் அவர்களுக்கும், இலங்கை மலையகத்துத் தபாலகங்களில் சீல் கட்டையைக் கையில் பிடித்திருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். இரண்டு கடித உறைகளை மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஒன்று தாத்தாவுடையது. துறையூரிலிருந்து அவருடைய அக்கா போட்ட கடிதம். முன்பக்கம் முத்திரைமேல் ஒரு சீல். பின்பக்கம் ஹட்டன் சீல், வந்து சேர்ந்த திகதியோடு. மை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. மற்றது என் மகளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம். முன்பக்கம் மெஷினில் அடித்த சிவப்பு அடையாளத்தில் அனுப்பிய திகதி பளிச்சென்று தெரிகிறது. பின்பக்கம் ஒன்றுமே இல்லை. அது எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) வந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து நாலு நாள்.

எங்கள் கடிதங்கள் தபாலகத்திலிருந்து ஒரு பையில் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே கேட்டேன். "நேத்துத்தான் பையில வந்துச்சு" என்றார்கள். தபாலகத்தில் கேட்டால், "போன வாரமே பையில போட்டாச்சே" என்றார்கள். எந்தத் தோட்டம், எந்தத் தபாலகம் என்று எழுதப்போவதில்லை. இரண்டு பக்கமும் தெரிந்த முகங்கள். யார் சொல்வது சரி என்று உறையைத்தான் கேட்க வேண்டும். அதற்கு வாய் இல்லை.

இந்த வழக்கு மிகப் பழையது. 1661இல் இங்கிலாந்தில் உங்கள் பதவியில் இருந்தவர் ஹென்றி பிஷப். கடிதங்கள் வழியில் தேங்குகின்றன என்று புகார் வர, அவர் ஒரு சின்ன வட்டச் சீலைக் கொண்டுவந்தார். நடுவே ஒரு கோடு. ஒரு பாதியில் மாதத்துக்கு இரண்டு எழுத்து, மறுபாதியில் நாள். வருடம்கூடக் கிடையாது. கடிதத்தை எவரும் இடையில் தடுத்துவைக்கத் துணியக்கூடாது, அதற்காகத்தான் இது என்று வெளிப்படையாகவே அறிவித்தார். ஒட்டும் முத்திரை வர அப்போது இன்னும் 179 வருடம் இருந்தது. சீல் பிறந்ததே தாமதத்தைக் காட்டிக்கொடுக்கத்தான்.

1840 மே மாதம் ஒரு பென்னி கறுப்பு முத்திரை வந்ததும் சீலுக்கு வேறு வேலை சேர்ந்தது: பாவித்த முத்திரையைத் திரும்ப ஒட்டவிடாமல் கெடுப்பது. முதலில் சிவப்பு மையில் குத்தினார்கள். அதை அழித்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்று தெரிந்ததும், அடுத்த வருடமே முத்திரையைச் சிவப்பாக்கி மையைக் கறுப்பாக்கினார்கள். (இந்தக் கெட்டித்தனம் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.)

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்தது. 6 பென்ஸ், ஓரத்தில் துளை கிடையாது, கத்தரியால் வெட்ட வேண்டும். அதே வருடம் லண்டனில், தபால் சீர்திருத்தம் செய்த ரோலண்ட் ஹில்லின் மகன் பியர்சன் ஹில், சீல் குத்துவதற்கு இயந்திரம் செய்தார். அப்புறம் 1902இல் அமெரிக்காவில் ஆர்தர் பிட்னி, முத்திரையே வேண்டாம், கட்டணத்தை உறையிலேயே அடித்துவிடலாம் என்று ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். மகளின் உறையில் இருக்கும் சிவப்பு அடையாளம் அந்த வம்சம்தான். கடிதம் புறப்பட்ட திகதியை அது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறது. எங்களுக்குத் தேவை மறுமுனை.

1930களின் நடுவில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து 9 சத முத்திரையில் கொழுந்து பறிக்கும் காட்சியை அச்சடித்தார்கள். முத்திரையில் இடம் கிடைத்த எங்களுக்கு வீட்டு இலக்கம் இன்னும் கிடைக்கவில்லை. பெயர், டிவிசன், தோட்டம், டவுன். எங்கள் லயத்து விலாசம் அவ்வளவுதான். அதனால்தான் கடிதம் நேரே வாசலுக்கு வராமல் ஆபீஸ் மேசையில் இறங்குகிறது.

சரி, கேட்க வந்தது இதுதான். தோட்டத்துப் பையில் போடும் கடிதங்களின் பின்பக்கம் அன்றைய திகதியைக் குத்திவிடுங்கள். கட்டையும் மைப்பெட்டியும் உங்களிடம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நேரமில்லை என்றால் வேலை, பரீட்சை, வங்கி, நீதிமன்றக் கடிதங்களுக்காவது. பையை வாங்கிப் போகிறவர் ஒரு கொப்பியில் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. மையைக் கொஞ்சம் தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். பாதி வட்டம் மட்டும் விழுந்தால் 1ஆ 7ஆ என்று அதற்கு வேறு சண்டை போட வேண்டும்.

மகள் இப்போது இன்னொரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். விலாசத்துக்கு டவுனில் இருக்கும் மாமாவின் கடையைக் கொடுத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்துத் தகப்பன்